ஒரே பெயரில் பத்து வரிகள்: அவசரப்பட்டு அழிக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் சில மாதங்களில் ஒரு வேலையைச் செய்வார்கள். கம்ப்யூட்டரில் என்னென்ன புரோகிராம்கள் உள்ளன என்ற பட்டியலைத் திறந்து, தேவையில்லாதவற்றை நீக்க உட்காருவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு இடத்தில் எல்லாருக்கும் சந்தேகம் வரும். "மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்ற பெயர் 2008, 2010, 2012, 2013 என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு முறை இருக்கும். நாம் இவற்றை எப்போது இன்ஸ்டால் செய்தோம்? எதற்காக ஒரே பொருள் பத்து முறை? புதியது ஒன்று இருந்தால் பழையவை எதற்கு?

இதே கேள்விகள் எனக்கும் ஒரு நாள் வந்தன. பதில் தெரிந்துகொள்ளாமல் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அதனால் என் மைத்துனரின் கடையில் ஒரு நாள் வியாபாரம் தடுமாறியது. அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமை செய்த "சுத்தம்"

என் மைத்துனர் எலக்ட்ரிக்கல் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு விண்டோஸ் 11 உடன் புதிய கம்ப்யூட்டர் வாங்கினார். கம்ப்யூட்டர் புதிது, ஆனால் பில் போடும் புரோகிராம் பழையது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருவது. அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து அதைப் புதியதற்கு மாற்றி, எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டிக் கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து, "மாமா, கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ரொம்ப நேரம் எடுக்குது. வந்து பாருங்களேன்" என்றார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று எனக்கு ஒரு பெயர். கடைக்கு விடுமுறையான ஞாயிறு மாலை போய் உட்கார்ந்தேன்.

பட்டியலைத் திறந்ததும் அந்தப் பத்து வரிகள் கண்ணில் பட்டன. ஐந்து வரிகளில் எக்ஸ்86 என்றும் ஐந்து வரிகளில் எக்ஸ்64 என்றும் இருந்தது. எக்ஸ்86 என்றால் 32 பிட், எக்ஸ்64 என்றால் 64 பிட் என்பது எனக்குத் தெரியும். இது 64 பிட் கம்ப்யூட்டர்; ஆகவே 32 பிட் எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்தேன். 2015-2022 என்று புதியது இருக்கும்போது 2008 எதற்கு, 2010 எதற்கு என்றும் நினைத்தேன். ஒன்பது வரிகளை ஒன்றன் பின் ஒன்றாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டு வைத்தேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, "இனி பாரு, எப்படி ஓடுதுன்னு" என்று சொல்லிவிட்டு வீட்டிற்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் போன். "மாமா, பில்லு புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது. எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லைன்னு சொல்லுது. கடையில ஆளுங்க நிக்கிறாங்க." அன்று மாலை ஆடிட்டரிடம் அந்த மாதத்துக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கணக்கு முழுவதும் அந்தப் புரோகிராமுக்குள்தான் இருந்தது.

போன் பேசி முடித்த பிறகு சிறிது நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்தேன் என்பது புரிய, டிஎல்எல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தெருவுக்குப் பொதுவான ஏணி

டைனமிக் லிங்க் லைப்ரரி என்பதன் சுருக்கமே டிஎல்எல். ஒரு புரோகிராம் எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. எழுத்துகளை ஒப்பிடுவது, கணக்குப் போடுவது, பைலைத் திறப்பது, நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குவது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவானவை. இவற்றை ஒரு முறை எழுதித் தனி பைலில் வைத்துவிட்டால், எந்தப் புரோகிராமும் தேவைப்படும்போது அதை அழைத்துக் கொள்ளலாம். அந்தப் பொது பைல்தான் டிஎல்எல்.

ஒரு தெருவில் இருபது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஏணி வாங்கி வைப்பது வீண் செலவு. ஒரு பொது ஏணி வாங்கி வைத்துவிட்டால் போதும். யாருக்கு வேண்டுமோ அவர் எடுத்துக் கொள்ளலாம். விண்டோஸ் முதன் முதலாக 1985-ல் வந்தபோது அது கேட்ட நினைவகம் வெறும் 256 கேபி. இன்றைய கம்ப்யூட்டர்களில் 8 ஜிபி, 16 ஜிபி என்று பார்க்கும் நமக்கு அது எவ்வளவு சிறிய இடம் என்று நினைத்துப் பார்ப்பதே கடினம். அந்த இடத்தில் ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனி ஏணி வைத்திருக்க வழியில்லை. ஆகவே பொது ஏணி தேவைப்பட்டது.

ஏணியை மாற்றியவர்கள்

பிரச்னை பின்னால் வந்தது. 1990-களில் விண்டோஸ் 95, விண்டோஸ் 98 பயன்படுத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு புதிய புரோகிராமை இன்ஸ்டால் செய்தால், அது தனக்குத் தேவையான டிஎல்எல் பைல்களை விண்டோஸின் சிஸ்டம் போல்டரில் கொண்டுபோய்ப் போடும். அங்கே அதே பெயரில் வேறு பதிப்பு இருந்தால், அதன் மேலேயே எழுதிவிடும். சில இன்ஸ்டால் புரோகிராம்கள், இருப்பது புதியதா பழையதா என்றுகூடப் பார்க்காமல், பழையதைப் புதியதன் மேல் எழுதிவிடும்.

தெரு ஏணியை யாரோ எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன் வசதிக்கு ஏற்ற குட்டை ஏணியை வைத்துவிட்டுப் போனது போலத்தான் இது. அவர் வேலை நடந்துவிடும். மறுநாள் ஓடு மாற்ற ஏறுபவருக்குத்தான் கூரை எட்டாது. ஒரு கேம் இன்ஸ்டால் செய்வோம். நேற்று வரை ஓடிய வேறு ஏதோ ஒரு புரோகிராம் இன்று நின்றுவிடும். காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. புரோகிராம் எழுதுபவர்கள் இந்த நிலைக்கு "டிஎல்எல் நரகம்" என்றே பெயர் வைத்தார்கள்.

நீக்கும்போதும் தொல்லைதான். "இந்தப் பொது பைலை வேறு எந்தப் புரோகிராமும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. நீக்கவா?" என்று விண்டோஸ் நம்மிடம் கேட்கும். நமக்கு எப்படித் தெரியும்? "யெஸ்" என்று அழுத்திவிட்டு மாட்டிக் கொண்டவர்கள் உண்டு. பயந்து "நோ" அழுத்தி, வேண்டாத பைல்களைச் சேர்த்து வைத்தவர்களும் உண்டு.

மைக்ரோசாப்ட் முதலில் இதற்குக் காவல் போட்டது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000 தொகுப்பில், முக்கியமான சிஸ்டம் பைல்களை மற்றப் புரோகிராம்கள் மாற்றினால் விண்டோஸ் உடனே நல்ல நகலை எடுத்துத் திரும்ப வைத்துவிடும். ஆனால் காவல் மட்டும் போதாது. ஒரு புரோகிராமுக்கு உண்மையிலேயே பழைய பதிப்பு தேவை, இன்னொன்றுக்குப் புதியது தேவை என்றால் என்ன செய்வது?

இரண்டு ஏணியும் இருக்கட்டும்!

இதற்கான விடை 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் முழுமையாகக் கிடைத்தது. "சைட் பை சைட்", அதாவது பக்கத்தில் பக்கத்தில் என்பது இந்த முறையின் பெயர். எந்த ஏணியையும் தூக்கிப் போட வேண்டாம். குட்டை ஏணி, நெட்டை ஏணி இரண்டையும் கொட்டகையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் அதன் அடையாளத்தை எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனக்கு எந்த ஏணி வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொண்டு வரட்டும்.

கம்ப்யூட்டரில் அந்தக் கொட்டகை, சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் போல்டர். புரோகிராம் கொண்டு வரும் சீட்டுக்கு "மேனிபெஸ்ட்" என்று பெயர். இந்தப் பெயருள்ள லைப்ரரி, இந்தப் பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பட்டன்கள், ஸ்க்ரோல் பார்கள் போன்றவற்றை வரைந்து காட்டும் லைப்ரரியின் பெயர் காம்சிடிஎல்32.டிஎல்எல். இதன் 5.82 பதிப்பும் 6 பதிப்பும் எக்ஸ்பியில் ஒன்றாகவே இருந்தன. சீட்டில் 6 வேண்டும் என்று கேட்ட புரோகிராம்களுக்கு எக்ஸ்பியின் புதிய வளைந்த, வண்ணப் பட்டன்கள் கிடைத்தன. சீட்டே கொண்டு வராத பழைய புரோகிராம்களுக்கு 5.82 கிடைத்தது, அவற்றின் பட்டன்கள் பழைய சாம்பல் நிறத்திலேயே தோன்றின. ஒரே திரையில் இரண்டு விதமான பட்டன்களைப் பார்த்து அன்று நான் குழம்பியிருக்கிறேன். பழைய புரோகிராம் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது என்பது பின்னால்தான் புரிந்தது.

அந்தப் பத்து வரிகள் என்ன?

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். சி++ என்பது புரோகிராம் எழுதும் மொழி. மைக்ரோசாப்டின் விஷுவல் சி++ கொண்டு எழுதிய புரோகிராம் இயங்க, அந்த மொழிக்கான அடிப்படை லைப்ரரிகள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அவற்றைத்தான் "ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்ற தொகுப்பாக மைக்ரோசாப்ட் இலவசமாகத் தருகிறது. நீங்கள் ஒரு கேமையோ, போட்டோ எடிட்டரையோ, பில் புரோகிராமையோ இன்ஸ்டால் செய்யும்போது, அது தனக்கு வேண்டிய தொகுப்பையும் சேர்த்து இன்ஸ்டால் செய்துவிடும். அதனால்தான் நமக்குத் தெரியாமலேயே இவை வந்து சேர்கின்றன.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்தப் பெயரில் உள்ள ஆண்டு. அது வெறும் தேதி அல்ல. 2010 தொகுப்பில் எழுதிய புரோகிராமுக்கு 2010 லைப்ரரிதான் வேண்டும். 2012-ஐக் கொடுத்தாலும் 2013-ஐக் கொடுத்தாலும் ஏற்றுக் கொள்ளாது. பைல் பெயர்களிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. "இந்த டிஎல்எல் காணவில்லை" என்று பிழைச் செய்தி வந்தால், பெயரில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

* 80 என்றிருந்தால்: 2005 தொகுப்பு
* 90 என்றிருந்தால்: 2008 தொகுப்பு
* 100 என்றிருந்தால்: 2010 தொகுப்பு
* 110 என்றிருந்தால்: 2012 தொகுப்பு
* 120 என்றிருந்தால்: 2013 தொகுப்பு
* 140 என்றிருந்தால்: 2015-2022 தொகுப்பு

எம்எஸ்விசிஆர், எம்எஸ்விசிபி, விசிரன்டைம் என்று தொடங்கும் பெயர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். என் மைத்துனரின் திரையில் வந்தது 100. அதாவது 2010.

கடைசி வரியைப் பாருங்கள். 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்கும் ஒரே தொகுப்பாகிவிட்டன. இவற்றில் மட்டும் புதியது பழையதன் வேலையையும் செய்யும். ஆகவே புதியது வந்ததும் பழையது விலகிவிடும். இதனால் ஒரு சின்னக் குழப்பமும் வரும். ஏதோ ஒரு பழைய கேம் 2015 தொகுப்பை இன்ஸ்டால் செய்ய முயலும்போது, வேறொரு பதிப்பு ஏற்கெனவே உள்ளது என்று செய்தி வரலாம். உங்களிடம் புதியது இருக்கிறது என்பதே அதன் பொருள், கவலை வேண்டாம்.

2008 தொகுப்பு சில கம்ப்யூட்டர்களில் இரண்டு மூன்று வரிகளாகவும் இருக்கும். 9.0.21022, 9.0.30729 என்று எண்கள் மட்டும் மாறியிருக்கும். முதலில் வந்த பதிப்பும், திருத்தங்களுக்குப் பிறகு வந்த பதிப்பும் இவை. இவையும் அப்படியே இருக்கட்டும்.

64 பிட் கம்ப்யூட்டரில் 32 பிட் எதற்கு?

நான் செய்த இரண்டாவது தவறு இங்கேதான். கம்ப்யூட்டரும் விண்டோஸும் 64 பிட்டாக இருக்கலாம். ஆனால் அதில் ஓடும் புரோகிராம் 32 பிட்டாக இருந்தால், அதற்கு 32 பிட் லைப்ரரிதான் வேண்டும். விண்டோஸ் 11 தொகுப்பு 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. என்றாலும் 32 பிட் புரோகிராம்களை அது ஏற்று ஓட்டுகிறது. பழைய பில் புரோகிராம், பழைய அகராதி, பழைய கேம் போன்றவற்றில் பெரும்பாலானவை 32 பிட்தான். சி டிரைவில் "புரோகிராம் பைல்ஸ் (எக்ஸ்86)" என்ற போல்டரில் உள்ளவை பொதுவாக இந்த வகை.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 64 பிட் விண்டோஸில், 64 பிட் டிஎல்எல் பைல்கள் இருக்கும் போல்டரின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் பைல்கள் இருக்கும் போல்டரின் பெயர் சிஸ்வாவ்64. பெயர்கள் தலைகீழாக இருப்பது போலத் தோன்றும். பழைய புரோகிராம்கள் பலவற்றில் சிஸ்டம்32 என்ற பெயரே எழுதப்பட்டிருந்ததால், அந்தப் பெயரை மாற்றாமல் விட்டார்கள். பெயரை நம்பி இந்தப் போல்டர்களில் நாமாகப் பைல்களைப் போடுவதும் எடுப்பதும் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது...

நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கையால் பில் எழுதிக் கொண்டிருந்தார்கள். அதற்குள் கடையில் வேலை செய்யும் தம்பி, "சார், நானே நெட்ல தேடி அந்த டிஎல்எல்லை டவுன்லோட் பண்ணி புரோகிராம் போல்டர்ல போட்டுட்டேன். இப்ப வேற எர்ரர் வருது" என்றான். திரையில் 0எக்ஸ்சி000007பி என்ற எண் இருந்தது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவனாவது காணாமல் போனதைத் தேடினான். நான் இருந்ததைத் தூக்கிப் போட்டவன். ஆனால் அவன் செய்ததும் ஆபத்தான வேலை. டிஎல்எல் பைல்களைத் தனித்தனியாகத் தரும் தளங்கள் இணையத்தில் நிறைய உள்ளன. அந்தப் பைல் எங்கிருந்து வந்தது, யார் மாற்றினார்கள், உள்ளே வைரஸ் உள்ளதா என்று நமக்குத் தெரியாது. நல்ல பைலாகவே இருந்தாலும், அது தவறான பதிப்பாக இருக்கலாம். இங்கே நடந்தது அதுதான். அவன் இறக்கியது 64 பிட் பைல். புரோகிராம் 32 பிட். பெயரை வைத்துக் கண்டுபிடித்துத் திறந்து பார்த்த புரோகிராம், இது தனக்கு ஆகாது என்று நின்றுவிட்டது. அந்த எண்ணின் பொருள் அதுதான்.

நான் செய்தவை இவை. உங்களுக்கும் இப்படி ஒரு நிலை வந்தால் இதே வரிசையில் செய்திடலாம்.

1. முதலில் அந்தத் தம்பி போட்ட டிஎல்எல் பைலைப் புரோகிராம் போல்டரிலிருந்து நீக்கினேன். இது முக்கியம். ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய இத்தகைய டிஎல்எல் பைலைத் தன் சொந்தப் போல்டரில்தான் முதலில் தேடும். பிறகுதான் விண்டோஸ் போல்டர்களில் தேடும். தவறான பைல் அங்கேயே இருந்தால், சரியானதை இன்ஸ்டால் செய்தாலும் பயன் இருக்காது.

2. மைக்ரோசாப்ட் தளத்திற்கு மட்டும் சென்று, விஷுவல் சி++ 2010 சர்வீஸ் பேக் 1 தொகுப்பை டவுன்லோட் செய்தேன். எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் எடுத்தேன். 64 பிட் விண்டோஸில் இரண்டையும் வைத்துக் கொள்வதே நல்லது.

3. டவுன்லோட் ஆன பைல்களின் பெயரை உடனே மாற்றினேன். 2005 முதல் 2013 வரையிலான தொகுப்புகளில் இந்த பைலுக்கு ஆண்டு எதுவும் இல்லாமல் "விசிரீடிஸ்ட்" என்று தொடங்கும் ஒரே பெயர்தான். நான்கைந்தை ஒன்றாக இறக்கினால் எது எந்த ஆண்டு என்றே தெரியாது. பெயரில் ஆண்டைச் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

4. இரண்டையும் இன்ஸ்டால் செய்து, பில் புரோகிராமை இயக்கினேன். திறந்தது. கணக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன.

5. நான் நீக்கிய மற்ற ஆண்டுத் தொகுப்புகளையும் அதே தளத்திலிருந்து எடுத்துத் திரும்ப இன்ஸ்டால் செய்தேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த ஒவ்வொரு புரோகிராமையும் ஒரு முறை திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

மாலைக்குள் கணக்கு ஆடிட்டரிடம் போய்விட்டது. கையால் எழுதிய பில்களை உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றியபோது இரவு ஆகிவிட்டது. மைத்துனர் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

"சைட் பை சைட்" பிழை வந்தால்...

2005, 2008 தொகுப்புகளைக் கேட்கும் புரோகிராம்களில், பைல் பெயரைச் சொல்லாமல், "சைட் பை சைட் கான்பிகரேஷன்" தவறாக உள்ளது என்று மட்டும் செய்தி வரலாம். புரோகிராம் கொண்டு வந்த சீட்டில் கேட்ட பதிப்பு, கொட்டகையில் இல்லை என்பதுதான் இதன் பொருள். எது இல்லை என்று தெரிந்துகொள்ள ஸ்டார்ட் மெனுவில் "ஈவன்ட் வியூவர்" என டைப் செய்து திறக்கவும். இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதனுள் அப்ளிகேஷன் என்பதைக் கிளிக் செய்திடவும். சிவப்புக் குறியுள்ள வரிகளில், "சைட் பை சைட்" என்பது மூலமாகக் குறிக்கப்பட்ட வரியைத் தேடவும். அதில் கிளிக் செய்தால் கீழே விவரம் கிடைக்கும். விசி80 என்றிருந்தால் 2005 தொகுப்பு. விசி90 என்றிருந்தால் 2008. எக்ஸ்86-ஆ, 64 பிட்டா என்பதும் அங்கேயே இருக்கும்.

டாட் நெட், டைரக்ட்எக்ஸ்

இதே கதை வேறு இரண்டு இடங்களிலும் உண்டு. டாட் நெட் பிரேம்ஒர்க் 2002-ல் வந்தது முதலே, பல பதிப்புகள் அருகருகே இருக்கும்படி அமைக்கப்பட்டது. 2.0, 3.0, 3.5 ஆகியவை ஒரு குடும்பம். 2010-ல் வந்த 4 தனிக் குடும்பம். 4.5 முதல் 4.8.1 வரை வந்தவை எல்லாம் 4-ன் இடத்திலேயே உட்கார்ந்து கொள்பவை. ஆகவே உங்களிடம் 4.8 இருந்தாலும், 3.5 கேட்கும் பழைய புரோகிராமுக்கு அது போதாமல் போகலாம். விண்டோஸ் 10-லும், 2025 வரை வந்த விண்டோஸ் 11 பதிப்புகளிலும் 3.5-ஐத் தனியே தேட வேண்டியதில்லை. ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் பீச்சர்ஸ்" எனத் தேடி, கிடைக்கும் விண்டோவில் டாட் நெட் பிரேம்ஒர்க் 3.5 எதிரே டிக் செய்தால் போதும். விண்டோஸே இறக்கிக் கொள்ளும்.

பழைய கேம்கள் டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை என்று சொன்னால், அது டைரக்ட்எக்ஸ் 9 காலத்து லைப்ரரி. உங்கள் கம்ப்யூட்டரில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று வாதாடிப் பயன் இல்லை. மைக்ரோசாப்ட் 2010 ஜூன் மாதப் பதிப்பாகத் தந்த டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பை இன்ஸ்டால் செய்திட வேண்டும். அது புதியதைத் தொடாமல், பழைய லைப்ரரிகளைப் பக்கத்தில் வைத்துவிடும்.

வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டரைத் தொடாதீர்கள்

சிலர் இந்தப் போல்டரின் அளவைப் பார்த்து, இத்தனை ஜிபியா என்று திடுக்கிடுவார்கள். அங்கே காட்டப்படும் அளவு முழுவதும் உண்மை அல்ல. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சிஸ்டம்32 போன்ற போல்டர்களில் உள்ள பைல்கள் பலவும் வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டரில் உள்ள அதே பைல்கள்தான். டிஸ்க்கில் இருப்பது ஒரு பைல். அதற்கு இரண்டு முகவரிகள். இரண்டு இடத்திலும் கணக்கில் சேர்வதால் அளவு பெரிதாகத் தெரிகிறது. இந்தப் போல்டரில் கை வைத்தால் விண்டோஸே இயங்காமல் போகலாம். இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் எனச் சென்று, "விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்" என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். எதை நீக்கலாம் என்பது விண்டோஸுக்குத் தெரியும்.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

* ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்புகள் தாமாகப் பின்னணியில் இயங்குபவை அல்ல. ஆகவே அவற்றை நீக்கினால் கம்ப்யூட்டர் வேகம் கூடாது. ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 20 எம்பி வரைதான். நான் ஒன்பதை நீக்கி மிச்சம் பிடித்த இடம், நான்கைந்து சினிமாப் பாட்டு வீடியோக்களுக்குக்கூடக் காணாது.

* கம்ப்யூட்டர் தொடங்கத் தாமதமானால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இயங்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். வேண்டாதவற்றில் ரைட் கிளிக் செய்து "டிஸேபிள்" கொடுக்கவும். மைத்துனர் கம்ப்யூட்டரின் தாமதத்திற்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

* ஒரு தொகுப்பு கெட்டுவிட்டதாகத் தோன்றினால், கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் பீச்சர்ஸ் சென்று, அந்த வரியைத் தேர்ந்தெடுத்து "சேஞ்ச்" அழுத்தவும். 2012-க்குப் பிந்தைய தொகுப்புகளில் "ரிப்பேர்" என்ற பட்டன் கிடைக்கும். முதலில் அதை முயன்று பார்க்கவும்.

* எதை நீக்கும் முன்பும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக் கொள்ளவும். ஸ்டார்ட் மெனுவில் "ரீஸ்டோர் பாயின்ட்" என டைப் செய்தால் சிஸ்டம் புரொடெக்ஷன் டேப் கிடைக்கும். பல கம்ப்யூட்டர்களில் சி டிரைவுக்கு இந்த வசதி ஆப் நிலையில் இருக்கும். "கான்பிகர்" அழுத்தி அதை ஆன் செய்து, பிறகு "கிரியேட்" அழுத்தவும். மைத்துனர் கம்ப்யூட்டரில் அது ஆப் நிலையில் இருந்ததால், ஒரு நாள் பின்னோக்கிப் போகும் வழி எனக்கு இல்லாமல் போயிற்று.

* எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா ஆண்டுத் தொகுப்புகளையும் நாமாகத் தேடிச் சேர்க்கவும் வேண்டாம். 2005 முதல் 2013 வரையிலானவற்றிற்கு மைக்ரோசாப்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கடைசியாக 2013 தொகுப்புக்கு 2024 ஏப்ரலில் நின்றது. ஒரு புரோகிராம் கேட்டால் இன்ஸ்டால் செய்யுங்கள். ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடுங்கள்.

* உங்கள் தொழிலோ கணக்கோ ஒரு பழைய புரோகிராமை நம்பி இருந்தால், அது கேட்கும் தொகுப்புகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவற்றின் இன்ஸ்டால் பைல்களையும் கணக்கு பைல்களின் நகலையும் ஒரு பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். புரோகிராம் எழுதியவர் எப்போதும் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்.

என் மைத்துனர் கடையில் இப்போது கம்ப்யூட்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. பத்து வரிகள். அதற்குக் கீழே கடைத் தம்பி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "கேட்காமல் நீக்கக் கூடாது." யாரை நினைத்து அதை எழுதினான் என்று நான் கேட்கவில்லை.